கோட்டையும் தங்கக் கோயிலும் பார்த்தாயிற்று, இனி என்ன?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கும்பகோணத்திலிருந்து வேலூருக்கு மாற்றலாகி வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆண்டுக்கு ஒரு நீண்ட பயணம் உண்டு. போன முறை காசி, அடுத்தது எங்கே என்று இன்னும் முடிவாகவில்லை. நடுவில் உள்ள மாதங்கள் அலுவலகம், பள்ளிக்கூடம், துணிமூட்டை என்று கரைந்துபோகின்றன. வீட்டில் முழங்கால் வலியோடு மாமியார், பத்து வயதுப் பெண், ஆறு வயதுப் பையன். கார் கிடையாது, ஸ்கூட்டர் ஒன்றுதான். "கோட்டையும் தங்கக் கோயிலும் பார்த்தாயிற்று, வேலூரைச் சுற்றி வேறு என்னதான் இருக்கிறது?" என்று முடித்திருக்கிறீர்கள்.

அந்த 'என்னதான்' எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உங்கள்மேல் குற்றமில்லை. எங்கள் ஊர்க்காரர்களே சொல்லிச் சிரிக்கும் வசனம் ஒன்று உண்டு: நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில். ஐந்தாவதாகவும் ஒன்று சொல்வார்கள். அது பெண்களைப் பற்றியது, அதை நான் எழுதுவதாக இல்லை. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலில் நெடுங்காலம் வழிபாடே இல்லாமல் இருந்து, 1981-இல்தான் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதை ஊரே பாலத்தில் நின்று பார்த்தது. ஆக, வசனத்தில் பாதி பழசாகிவிட்டது. வெயில் மட்டும் அப்படியே இருக்கிறது.

நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பல ஆண்டுகள் காட்பாடியிலிருந்து சீசன் டிக்கெட்டில் ரயிலேறி வேலைக்குப் போனேன். பெரிய பயணங்களும் போயிருக்கிறேன். காசியிலிருந்து திரும்பிய மறுநாள் வீடு எப்படி இருக்கும் என்று உங்களைப் போலவே எனக்கும் தெரியும். கங்கைச் சொம்பு பூஜை அலமாரிக்குப் போய்விடும். துணிமூட்டை மூன்று நாள் கூடத்திலேயே கிடக்கும். அரிசி டப்பாவில் கைவிட்டால் அடி தட்டும். அந்த வாரம் யாரும் யாரோடும் சரியாகப் பேசமாட்டார்கள்.

என் முதல் தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். சின்னப் பயணம் என்றால் பெரிய பயணத்தைச் சுருட்டிச் சின்னதாக்கினால் போதும் என்று நினைத்திருந்தேன். அதே பைகள், அதே பட்டியல், ஒரே நாளில் நான்கு இடம். ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏலகிரிக்குப் போனோம். மலைக்கு ஏறப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் பாரி, காரி, ஓரி என்று வள்ளல்கள் பெயரும் புலவர்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு எங்கள் வண்டி ஒரு வள்ளலின் வளைவிலேயே முக்கால் மணி நேரம் நின்றது. மேலே போனால் புங்கனூர் ஏரியில் படகுக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, இறங்கும்போது மறுபடி வளைவுகள், பின்சீட்டில் இரண்டு பேருக்கு வாந்தி. வீட்டுக்கு வந்தபோது இரவு மணி பத்தரை. மறுநாள் திங்கள்கிழமை. டிபன் பாக்ஸில் என்ன போட்டேன் என்றே நினைவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்கு வீட்டுக் காரியம் ஒன்று கட்டாயம் இருக்கவேண்டும். பார்க்கும் இடம் ஒன்று, முடிக்கும் காரியம் ஒன்று, இரவுச் சாப்பாடு வீட்டில். குடியாத்தம் போனால் கைலி எடுக்க, ஆரணி போனால் கல்யாணத்துக்குப் பட்டுப் பார்க்க, ஆம்பூர் போனால் பிள்ளைகளுக்குப் பள்ளிச் செருப்பு வாங்க. இது சிக்கனத்துக்காகச் செய்த ஏற்பாடு என்று என் வீட்டுக்காரர் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அதில் வேறு வசதி இருந்தது. சும்மா வேடிக்கை பார்க்கப் போகிறவரிடம் எந்த ஊரும் பேசாது. கைலி வேண்டும் என்று போய் நின்றால், எத்தனை முழம், யாருக்கு, எந்த ஊர், வேலூரில் எந்தத் தெரு என்று பேச்சு வளரும். தறி எங்கே ஓடுகிறது என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார்கள். காரியம் முடிந்தவுடன் திரும்பிவிடலாம் என்பதால் 'இன்னும் ஒன்று பார்த்துவிடுவோம்' என்ற பேராசையும் அடங்கிவிடும்.

இந்த அளவுகோலை வைத்து, உங்கள் வீட்டு ஆட்களை மனத்தில் நிறுத்திச் சில இடங்களைச் சொல்கிறேன்.

முதலில் விரிஞ்சிபுரம். இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

வேலூரிலிருந்து பெங்களூர் சாலையில் மேற்கே சுமார் 14 கிலோமீட்டர். டவுன் பஸ் உண்டு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021-இலிருந்து பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் உங்களுக்கும் மாமியாருக்கும் மகளுக்கும் செலவே இல்லை. அங்கே சுவாமி பெயர் மார்க்கபந்தீசுவரர், தமிழில் வழித்துணைநாதர். காட்டு வழியில் போன மிளகு வணிகர் ஒருவருக்குத் துணையாளாக உடன் நடந்து வந்தார் என்பது தலபுராணம். நீண்ட பயணம் கிளம்புமுன் இங்கே வந்து ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டுப் போகிறவர்கள் இந்தப் பக்கத்தில் இன்றும் இருக்கிறார்கள். உங்கள் அடுத்த பயணம் எங்கே என்று முடிவாகாவிட்டாலும், அதற்கு முன்பணம் போல ஒரு தரிசனம் செய்துவிடலாம். 'விரிஞ்சிபுரம் மதில் அழகு' என்பார்கள். நெடிதுயர்ந்த மதில், உள்ளே தரையும் சமதளம், முழங்கால் வலிக்காரர்கள் மெதுவாகச் சுற்றி வரலாம்.

ஆனால் நான் உங்களை அனுப்புவது அந்தக் கோயிலின் தென் பிராகாரத்தில் இருக்கும் ஒரு கல்லுக்காக. நேரம் காட்டும் கல் என்பார்கள். அரைவட்டமாகச் செதுக்கி எண்களைப் பொறித்திருக்கிறார்கள். மேல்விளிம்பில் ஒரு சிறு பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால், நிழல் எந்த எண்ணில் விழுகிறதோ அதுதான் மணி. போகிறவர்கள் பெரும்பாலும் வைத்துப் பார்ப்பார்கள், "அட, சரியாக இல்லையே" என்பார்கள், போய்விடுவார்கள். அங்கேதான் வேடிக்கையே தொடங்குகிறது.

ஒரு பிப்ரவரி ஞாயிறு என் பேத்தியோடு போயிருந்தேன். அவள் துடைப்பத்து ஈர்க்குச்சி ஒன்றைப் பள்ளத்தில் வைத்துவிட்டு மூச்சுவிடாமல் பார்த்தாள். நிழல் பதினொன்றைத் தொட்டு நின்றது. கைபேசியில் மணி கிட்டத்தட்ட பதினொன்றரை. "பாட்டி, கல் தப்பு" என்றாள். கல் தப்பில்லை, கைபேசியும் தப்பில்லை. இந்தியா முழுவதற்கும் பொதுவான நேரத்தை 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடுகிறோம். வேலூர் இருப்பது சுமார் 79 பாகையில். பூமி ஒரு பாகை சுற்ற 4 நிமிடம் ஆகும். மூன்றரைப் பாகைக்கு ஏறக்குறைய 14 நிமிடம். அந்த ரேகையில் இருப்பவர்களுக்கு உச்சிப்பொழுது வந்த பிறகு 14 நிமிடம் கழித்துத்தான் நமக்கு வரும். மீதி? பூமி சூரியனைச் சுற்றும் வேகம் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் சூரியன் காட்டும் நேரம் மாதத்துக்கு மாதம் முன்பின்னாகும். பிப்ரவரி நடுவில் அது இன்னொரு 14 நிமிடம் பின்தங்கும். இரண்டையும் கூட்டினால் சுமார் 28. நவம்பர் தொடக்கத்திலோ அதே சூரியன் பதினாறு நிமிடம் போல முந்திக்கொள்ளும்; அப்போது கல்லும் கைபேசியும் கிட்டத்தட்ட ஒன்று சொல்லும்.

இதைக் கணக்காகச் சொன்னால் பத்து வயதுக் குழந்தை கொட்டாவி விடும். பிப்ரவரியில் ஒருமுறை, நவம்பரில் ஒருமுறை கூட்டிப்போய் அவளையே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். என் பேத்தியின் பழைய ரஃப் நோட்டில் அந்த இரண்டு நாட்களும் இருக்கின்றன. நவம்பர்ப் பக்கத்தில் 'கல் ஜெயித்தது' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாள். முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியும் இந்த ஒரு விஷயத்தை நான் எந்த வகுப்பிலும் இவ்வளவு சுருக்காகப் புரியவைத்ததில்லை.

கார்த்திகை கடைசி ஞாயிறு மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள். பிள்ளை வரம் வேண்டி நள்ளிரவில் குளத்தில் மூழ்க ஆயிரக்கணக்கான பெண்கள் வரும் நாள் அது. வேண்டுதல் இருப்பவர்களுக்கு உரியது, நமக்கு அன்று இடமில்லை. இந்தப் பயணத்துக்கு உரிய காரியம் என்ன என்றால், கத்தரிக்காய். முள் கத்தரிக்காய் என்று கேளுங்கள். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளைவது. காம்பிலும் தொப்பியிலும் நிஜமாகவே முள் இருக்கும், நறுக்கும்போது விரலில் ஏறும். 2023-இல் வேலூர் முள் கத்தரிக்காய் என்று புவிசார் குறியீடு கிடைத்தது. எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு இதைப்போல வேறொன்று இல்லை என்பது என் கட்சி. திங்கள்கிழமைச் சமையல் ஞாயிற்றுக்கிழமையே முடிவாகிவிடுவதும் ஒரு நிம்மதிதான். கால்நடை பார்க்கப் பையனுக்கு ஆசை என்றால், அதே சாலையில் பொய்கையில் செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை கூடும். பள்ளி விடுமுறையில் வரும் செவ்வாய்க்குக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது உங்கள் மாமியாருக்கு. கும்பகோணத்துக்காரர், சோழன் கோயில் என்றால் அது காவிரிக்கரைச் சரக்கு, இந்தப் பொட்டல்காட்டில் என்ன இருக்கும் என்று நினைப்பவராக இருக்கலாம். மேல்பாடிக்குக் கூட்டிப்போங்கள். பொன்னையாற்றங்கரையில் காட்பாடிக்கு வடக்கே உள்ள ஊர். ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எடுப்பித்த பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்த அரசனின் நினைவாக எழுப்பிய கோயில், அங்கேதான் இருக்கிறது. அரிஞ்சயனைக் கல்வெட்டுகள் 'ஆற்றூர்த் துஞ்சிய தேவர்', அதாவது ஆற்றூரில் இறந்தவர், என்கின்றன. அரிஞ்சயனின் அண்ணன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே இறந்தது 949-இல் தக்கோலத்தில். அதுவும் பழைய வட ஆற்காட்டு மண்தான், இன்றைக்கு ராணிப்பேட்டை மாவட்டம். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைக் கட்டியவன் தன் பாட்டனுக்காக இவ்வளவு அடக்கமான ஒரு கட்டடத்தை இந்த ஆற்றோரம் நிறுத்தியிருக்கிறான். பக்கத்திலேயே சோமநாதர் கோயிலும் இருக்கிறது. இரண்டும் தரைமட்டம், படி ஏறும் வேலை இல்லை, கூட்டமும் இருக்காது. நான் போயிருந்தபோது எங்களைத் தவிர ஒரு ஆட்டுக்குட்டி மட்டும் மதில் நிழலில் படுத்திருந்தது.

சற்றுத் தூரத்தில் வள்ளிமலை. வள்ளி பிறந்து வளர்ந்த மலை என்பது நம்பிக்கை. திருப்புகழைப் பரப்பிய சச்சிதானந்த சுவாமிகள் தங்கியிருந்த இடமும் அதுதான். மேலே பாறையில் சமண உருவங்களும், கங்க மன்னன் ராசமல்லன் பெயரைச் சொல்லும் கல்வெட்டும் உண்டு. ஆனால் ஏறவேண்டும். மாமியாரை அடிவாரக் கோயிலில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் ஏறலாம், அல்லது இன்னொரு நாளைக்கு ஒத்திப்போடலாம். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடவேண்டும் என்று கை துறுதுறுக்கும். என் ஏலகிரிக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ரயில் பயணம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்றால் காட்பாடியிலிருந்து அரக்கோணம் பக்கம் போகும் பாசஞ்சரில் ஏறுங்கள். நான் இத்தனை ஆண்டு போய்வந்த தடம் என்பதால் கொஞ்சம் பாரபட்சம் இருக்கும். வாலாஜா ரோடு ஸ்டேஷனில் இறங்கிப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து கிளம்பி இங்கேதான் வந்து நின்றது. அப்போது இதன் பெயர் ஆற்காடு ஸ்டேஷன். இன்றைக்கு எக்ஸ்பிரஸ்கள் பல நிற்காமல் பறக்கும் அந்த நடைமேடையில் நின்று இதைச் சொல்லும்போது, கேட்கிறவர்களைவிடச் சொல்கிறவருக்குத்தான் சிலிர்க்கும், பரவாயில்லை. அங்கிருந்து ஆற்காடு பக்கம். 1751-இல் கிளைவ் பிடித்துக்கொண்டு முற்றுகையைத் தாங்கிய கோட்டையில் மிச்சம் இருப்பது பாலாற்றோரம் டெல்லி கேட் மட்டுமே. அதைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். மக்கன் பேடாவுக்குத்தான் நேரம் ஒதுக்கவேண்டும். கோவாவும் மைதாவும் பிசைந்து, நடுவில் முந்திரி, பாதாம், பிஸ்தா பொடித்து வைத்து, தட்டையாகப் பொரித்து, பாகில் ஊறவைத்தது. குலாப் ஜாமூன் என்று சொன்னால் ஆற்காட்டுக்காரர்கள் முகம் மாறும். விள்ளும்போது விரல் பட்டதும் பிரிந்து, உள்ளே இருக்கும் பருப்பு ஈரமாகத் தெரியவேண்டும். அதுவே நல்ல பேடா. ஒரு கிலோ வாங்கி வந்தால் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய கடன்களும் தீரும். காசிக்குப் போயிருந்தபோது உங்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்றியது யார்?

அதே ரயில் தடத்தில் இன்னும் உள்ளே போனால் மகேந்திரவாடி. வயல்களுக்கு நடுவே தனியாகக் கிடக்கும் ஒரே பாறையைக் குடைந்து மகேந்திரவர்மப் பல்லவன் திருமாலுக்கு எடுத்த கோயில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். தூணில் உள்ள சமஸ்கிருதக் கல்வெட்டு, குணபரன் (மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்) பாறையைப் பிளந்து மகேந்திரபுரத்தில் மகேந்திர தடாகத்தின் கரையில் இதைச் செய்வித்தான் என்கிறது. தடாகம் என்று அது சொல்வது ஊர் ஏரி. ஏரி இன்றும் இருக்கிறது. கோயிலை அரை மணியில் பார்த்துவிட்டு ஏரிக்கரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு பிரிக்கலாம். மழை பெய்த ஆண்டின் மார்கழி, தை என்றால் நீரும் பறவையும் இருக்கும். ஒரு எச்சரிக்கை: சோளிங்கர் என்று பெயர்ப்பலகை வைத்த ஸ்டேஷன் உண்மையில் பாணாவரத்தில் இருக்கிறது. அங்கே இறங்கி நரசிம்மர் மலை எங்கே என்று தேடுகிறவர்களை நான் வாரம் தவறாமல் பார்த்திருக்கிறேன். ஊருக்கு இன்னொரு பஸ் பிடிக்கவேண்டும். பெரிய மலைக்கு 1,305 படிகள். 2024-இல் ரோப் கார் வந்துவிட்டதால் உங்கள் மாமியாரும் போகலாம். கார்த்திகையில் யோக நரசிம்மர் கண் திறக்கிறார் என்பது ஐதீகம், அந்த மாதம் கூட்டம் தாங்காது.

ஒரே ஒரு இடத்துக்காக 'இரவுச் சாப்பாடு வீட்டில்' என்ற விதியை மீறலாம் என்றால் அது காவலூர். ஜவ்வாது மலையில், வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகப் போகவேண்டும். வைணு பாப்பு வான்காணகம் அங்கே இருக்கிறது. 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றோடு வானியலாளர் வைணு பாப்பு தொடங்கியது, 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் வந்தது. வியாழனின் நிலவான கானிமீடைச் சுற்றி வளிமண்டலம் இருப்பதற்கான சான்று 1972-இலும், யுரேனஸுக்கு வளையம் இருப்பதற்கான சான்று 1977-இலும் இங்கே பதிவாயின. பன்னிரண்டரைப் பாகை வடக்கில் இருப்பதால் தென்திசை வானத்தையும் பெரும்பகுதி பார்க்கலாம். அதற்காகத்தான் இந்தக் காட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். சனிக்கிழமைகளில் பொதுமக்களை விடுவது வழக்கம். வானம் தெளிவாக இருந்தால் சின்னத் தொலைநோக்கி ஒன்றில் பார்க்க விடுவார்கள். கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் போய் மேகத்தைப் பார்த்துவிட்டு வந்து என்னைத் திட்டவேண்டாம். தை முதல் பங்குனி வரை சரியான காலம். ஸ்கூட்டரில் இரவில் அந்த மலைப்பாதை வேண்டவே வேண்டாம். இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து வண்டி அமர்த்துங்கள். மலைக்குப் போன காரியமாக, சாமை அரிசியும் தேனும் வாங்கி வரலாம்.

அமிர்தி பற்றிக் கேட்பீர்கள். மழைக்குப் பிறகு போனால் அருவி இருக்கும், மற்ற நேரம் பாறை இருக்கும். ஆம்பூருக்குச் செருப்பு வாங்கப் போனால் பிரியாணியைத் தவிர்க்க முடியாது. சீரகச் சம்பா, மிளகாய் விழுது, பக்கத்தில் கத்தரிக்காய்த் தொக்கு. நான் சைவம், வாசனையோடு சரி. ஏலகிரிக்கு வார நாளில் போங்கள், பலாப்பழம் வாங்குங்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள்.

இப்போது, நீங்கள் 'பார்த்தாயிற்று' என்று சொன்ன கோட்டைக்கு வருகிறேன். எதைப் பார்த்தீர்கள்? அகழியைச் சுற்றி வந்து, கோயிலில் கும்பிட்டு, புல்தரையில் பொரி தின்றிருப்பீர்கள். நூற்று முப்பது ஏக்கருக்கு மேல் பரந்த இடம் அது, ஒரு நாளில் தீராது. ஒரு காலையில் கல்யாண மண்டபத்துக்கு மட்டும் போங்கள். யாளியும் குதிரையும் பார்த்த பிறகு, காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் காட்டிவிட்டால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். கண்டுபிடிக்க விட்டால் ஒரு மணி நேரம் ஓடும், உங்கள் காலும் ஓய்வெடுக்கும். இன்னொரு நாள் அருங்காட்சியகம். ஜூலை 10 அன்று மக்கான் சிக்னல் அருகே இருக்கும் நினைவுத் தூணுக்குப் போங்கள்: 1806-இல் அதே தேதியில், புதிய தலைப்பாகையையும் தாடி, நெற்றிக்குறி பற்றிய உத்தரவுகளையும் பொறுக்காமல் சிப்பாய்கள் இந்தக் கோட்டைக்குள் எழுந்தார்கள், வடக்கே நடந்ததற்கு 51 ஆண்டுகள் முன்னதாக. கண்டியின் கடைசி அரசன் விக்கிரம ராஜசிங்கனைச் சிறைவைத்ததும் இங்கேதான். 1832-இல் வேலூரிலேயே இறந்தான். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று அவன் கல்லறை இருக்கிறது. இலங்கையிலிருந்து அதைப் பார்க்க வருகிறார்கள். வேலூரில் அதைப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

மற்றபடி வெயிலைப் பற்றி. சித்திரை, வைகாசியில் ஐந்தரை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி ஒன்பதரைக்குள் திரும்பிவிடும் பயணம் தவிர வேறெதுவும் வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் கோயில் பிராகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு ஓடிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். தயிர்சாதமும் நார்த்தங்காயும் கட்டிக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் போதாது, இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா ஞாயிறும் கிளம்பவேண்டும் என்பதும் இல்லை. மாதத்துக்கு இரண்டு போதும். மற்ற இரண்டு ஞாயிறு வீட்டில் கிடங்கள். துணி துவையுங்கள், மிளகாய்ப் பொடி அரையுங்கள், பையனுக்கு முடி வெட்டுங்கள். எங்கள் வீட்டில் அடுத்த பயணம் எங்கே என்ற பேச்சு பெரும்பாலும் துணி மடிக்கும்போதுதான் வரும். கைலி கிழிந்திருக்கிறது என்று வீட்டுக்காரர் தூக்கிக் காட்டுவார். சரி, குடியாத்தம் என்று முடிவாகிவிடும்.

முதலில் விரிஞ்சிபுரத்துக்கே போங்கள். ஈர்க்குச்சியை வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போகவேண்டும், மறந்துவிடாதீர்கள். நாங்கள் போன அன்று கோயில் துடைப்பத்திலிருந்து ஒன்றை உருவப்போய், கூட்டிக்கொண்டிருந்த அம்மாளிடம் நான் வாங்கிய திட்டு பேத்தியின் நோட்டில் இல்லை.